ஃபாக் லைட்ஸின் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்

1

இந்த ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்வார்கள், தள்ளாடுகிற கிழவர்கள் சொல்வார்கள், காலையிலேயே குடித்துவிட்டு ஏறியவர்கள்கூடச் சொல்வார்கள். முதல் மாதம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிரேக் பிடித்ததற்கு நன்றியா, இறக்கிவிட்டதற்கு நன்றியா? எங்கள் ஊர் ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்தில் பத்திரமாக இறக்கிவிட்ட டிரைவருக்கு யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. வாந்தி எடுத்தவர்கள் அவரை முறைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் கால்வே என்கிற ஊர் இது. என் மனைவி சாந்தி நர்ஸ். அவள் வேலைக்கு வந்தாள், நான் அவளுடைய பெட்டிகளோடு சேர்ந்து வந்தேன். இருபத்தொரு வருடமாகிறது. பதினெட்டு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறேன். ஊரிலிருந்து யார் கேட்டாலும் “ஏற்காடு மாதிரியேதான், எப்பப் பாத்தாலும் மழை, பனி” என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய். இங்கே பனி கடலிலிருந்து வருகிறது, வாயில் உப்புக் கரிக்கும்.

போன மாதம் ஒருநாள், கடற்கரையோரக் கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிட ஓய்வு. பிளாஸ்க்கைத் திறந்து காபியை ஊற்றிக்கொண்டே போனைப் பார்த்தேன். தெரியாத நம்பரிலிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது.

“ஏனுங்க மாமா, நல்லா இருக்கறீங்களா? நானு மஞ்சக்குட்டை ராயன் பொண்ணு மதி பேசறனுங்க. பீட்டர் மாமாகிட்டத்தான் உங்க நம்பரு வாங்குனனுங்க. எங்கப்பா பாடுன கேசட்டு ஒண்ணு உங்ககிட்ட இருக்குதுன்னு சொன்னாருங்க. நெசமுங்களா? எங்கப்பா பேசி நானு கேட்டதே இல்லீங்க மாமா. அப்பாகிட்ட இன்னும் சொல்லலீங்க. கேசட்டு கெட்டுப்போயிருந்தா அவருக்கு நொம்ப மனசு சங்கடமாயிருமுங்க. இருந்தா மட்டும் சொல்லுங்க.”

மூன்று முறை கேட்டேன். பஸ் நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. அன்றைக்கும் எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள்.

2

நாங்கள் மூன்று பேர். எங்கள் பாட்டுக் குழுவின் பெயர் ‘ஃபாக் லைட்ஸ்’. பீட்டரின் சித்தப்பா ஜீப்பில் முன்னால், பனியில் வழி தெரிவதற்காக இரண்டு மஞ்சள் விளக்குகள் இருந்தன, அதிலிருந்து எடுத்த பெயர்.

நான் அப்போது ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். அறையைக் காலி செய்த யாரோ ஒரு விருந்தாளி தலையணைக்கு அடியில் ஒரு கேசட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார். அட்டை இல்லை, பாடியவர்கள் பெயர் இல்லை. கேசட்டின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் ஆங்கிலத்தில் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு மாதம் காத்திருந்தேன், யாரும் கேட்டு வரவில்லை. பீட்டரிடம் கொண்டுபோனேன்.

பீட்டர் அங்கே ஒரு போர்டிங் ஸ்கூல் சமையல்காரரின் மகன். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருள்களெல்லாம் அவன் வீட்டில்தான் இருக்கும். முதுகில் விரிசல் விட்ட கிட்டார் ஒன்று, அணிவகுப்புக்கு அடிக்கிற டிரம் இரண்டு, ஒரு டேப் ரிகார்டர். அதில்தான் அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டோம், எல்லாம் இங்கிலீஷ் ராக் பாட்டு. கிட்டார் அவனுக்கு, டிரம் எனக்கு என்று ஆயிற்று. பாடுவதற்கு ஆள் வேண்டும் என்றபோது பீட்டர்தான் ராயனைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

முழுப்பெயர் சேர்வராயன். மஞ்சக்குட்டையில் அப்பாவோடு காப்பி, மிளகு, ஆரஞ்சு என்று தோட்ட வேலை. கோயில் திருவிழாவில் பாடுவான். ஷேர் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து இறங்குவான். அவனுக்குக் கனமான கீழ்க்குரல். அவசரப்படவே மாட்டான். இங்கிலீஷ் தெரியாது, தெரியவில்லையே என்ற கவலையும் கிடையாது. மெட்டை வைத்துக்கொண்டு அவனே தமிழில் வார்த்தை போட்டுவிடுவான். அதில் ஒன்று எங்கள் ஊர் ரோட்டைப் பற்றியது:

பதினெட்டாம் வளைவுல பனி வந்து மூட,
பயத்துல நீ வந்து என்ற கையத் தேட...

அந்தக் கேசட்டில் பாடியவர்கள் உலகத்திலேயே மிகப் பொறுமையான மனிதர்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒவ்வொரு பாட்டும் ஆற அமர நடந்து வரும். நாங்களும் அப்படியே வாசித்தோம். கோடை விழா சமயத்தில் ஒரு ஹோட்டல்காரர் புல்வெளியில் எங்களை வாசிக்கவைத்தார். முடிந்ததும் கூப்பிட்டு, “ஏப்பா, டான்ஸ் ஆடறதுக்குன்னு உங்களப் போட்டா பாதிப்பேரு தூங்கறாங்களே” என்றார். அறுபது வயதைத் தாண்டிய ஜோடிகள் மட்டும் எங்களைக் கைதட்டிப் பாராட்டினார்கள். அவர்களுக்கு அந்த வேகம் சரியாக இருந்தது.

பிறகு நாங்களே ஒரு கேசட் போடலாம் என்று முடிவு செய்தோம். நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ராயனின் மாமா கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தார். அறுவடை முடிந்து, காப்பிப் பழம் அரைக்கிற கொட்டகை காலியாகக் கிடந்தது. பீட்டரின் டேப் ரிகார்டரைச் சாக்குமூட்டை மேல் வைத்து, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, ஒரே மாலையில் பதினொரு பாட்டுகளைப் பதிவு செய்தோம். நாலாவது பாட்டு அந்த வளைவுப் பாட்டு. அதன் நடுவில் எஸ்டேட்டில் வேலை முடிகிற மணி அடித்துவிட்டார்கள். மணி என்றால் மணி இல்லை. சில்வர் ஓக் மரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் மூன்று அடி. நான் டிரம்மை நிறுத்திவிட்டேன், பீட்டரும் நிறுத்திவிட்டான். ராயன் மட்டும் கையைக் காட்டி எங்களை அமர்த்திவிட்டு, மூன்று அடியும் முடிகிறவரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தாளம் தப்பாமல் எடுத்தான். நாங்கள் பின்னால் ஓடிப் பிடித்துக்கொண்டோம்.

கேசட்டுக்கு என்ன பெயர் எழுதுவது என்று கேள்வி வந்தது. கடைகளில் ‘பக்திப் பாடல்கள்’, ‘நாட்டுப்புறப் பாடல்கள்’ என்று கேசட் மேல் வகையைப் போட்டிருப்பார்கள் அல்லவா? ராக் பாட்டு என்றால் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்று எழுத வேண்டும் போல என்று பீட்டர் சொன்னான். எங்களுக்குத் தெரிந்த ஒரே ராக் கேசட்டில் அப்படித்தானே எழுதியிருந்தது. ஒரு பாட்டைக்கூட வெளியிடாத மூன்று பேர் தங்கள் முதல் கேசட்டுக்குக் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்று பெயர் வைத்தது இப்படித்தான்.

அதன் ஒரே பிரதியைச் சேலத்தில் நகல் எடுத்துவருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவன் நான். போன அன்றைக்குக் கடை பூட்டியிருந்தது. அப்புறம் கல்யாணம், அப்புறம் இனியா பிறந்தாள், அப்புறம் விசா. கேசட் என் டிரங்குப் பெட்டியிலேயே இருந்து என்னோடு கடல் தாண்டிவிட்டது.

3

நான் வந்து மூன்று வருடத்தில் ராயனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று பீட்டர் போன் செய்தான். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அப்போது ராயனின் மனைவிக்கு ஆறு மாதம்.

கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்களாம். அதிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக் கைக்குழந்தை மதி வீறிட்டு அழுதாள். அன்றைக்கே அதைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டான். நான் கூப்பிடுகிறபோது பேச்செல்லாம் என்னுடையதுதான். அவன் போனை விரலால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. “சாப்பிட்டயா?” ஒரு தட்டு. “வலி இருக்குதா?” கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தட்டு.

ஒரு வருடத்துக்குள் நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. அந்தத் தட்டலைக் கேட்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அவனால் முடிந்தது, என்னால் முடியவில்லை. அந்தக் கேசட்டைப் பற்றி இத்தனை வருடத்தில் அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

எனவே மதியின் செய்தியைக் கேட்ட அன்று சாயங்காலமே பெட்டியை இறக்கினேன். சாந்தி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிர்கால மேற்கோட்டுகளுக்கு அடியில் கேசட் இருந்தது. பூஞ்சை இல்லை, நாடா அறுந்திருக்கவில்லை. “பார்சல் போட்டு அனுப்பிடலாமா?” என்றேன். “வழியில தொலஞ்சா அந்தப் புள்ளைக்கு என்ன பதில் சொல்லுவீங்க?” என்றாள் சாந்தி. அந்தக் கேள்வியோடு பார்சல் யோசனை முடிந்துபோனது. இங்கேயே ஓட்டிப் பார்த்துப் பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு கேசட் பிளேயர் வேண்டும்.

கேசட் பிளேயரைத் தேடிப் போனால் இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். கடைசியில் நகராட்சியின் பழைய சாமான் சேகரிப்பு முற்றத்தில், உடைந்த மைக்ரோவேவ்களுக்கு நடுவே நல்ல கேசட் டெக் ஒன்று கிடந்ததைப் பார்த்தேன். எடுக்கப்போனால், பச்சைச் சட்டை போட்ட ஊழியர் ஓடிவந்தார். இங்கே போடலாம், எடுக்கக்கூடாது, சட்டம். மஞ்சள் கோட்டுக்கு உள்ளே விழுந்துவிட்டால் பொருள் நகராட்சிக்குச் சொந்தம். மேலதிகாரிக்கு எழுதுங்கள், படிவம் இருக்கிறது, பதில் வர ஆறு வாரம் ஆகும் என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். என் இங்கிலீஷ் உணர்ச்சிவசப்பட்டால் நொண்டும், அன்றைக்கும் நொண்டியது. நண்பன், குரல், மகள் என்று மூன்று வார்த்தைகளையே திரும்பத் திரும்பச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் டெக்கைத் தூக்கி மஞ்சள் கோட்டுக்கு வெளியே, என் கால் பக்கத்தில் வைத்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டு, “நீங்கள் இதைப் போட வந்தீர்கள். கோட்டைத் தாண்டுவதற்குள் மனது மாறிவிட்டது. அப்படித்தானே?” என்றார். இந்த முறை நான் நன்றி சொன்னேன்.

4

டெக்கைத் துடைத்து, கேசட்டைப் போட்டு, பொத்தானை அழுத்தினேன். சாந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

டிரம் கேட்டது, கிட்டார் கேட்டது. பாட ஆரம்பித்தது ஒரு சின்னப் பையன். கீச்சுக் குரல், பின்னால் நாய் துரத்துவதைப் போல ஓடுகிறான். “இதுவா ராயண்ணன்?” என்றாள் சாந்தி. எங்கள் கல்யாணத்தில் அவன் பாடியதைக் கேட்டவள். நான் டெக்கை நிறுத்திவிட்டேன்.

மகள் இனியாவைக் கூப்பிட்டேன். டப்ளினில் ஒரு மருத்துவமனையில் காது பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. யாருக்கு எந்த ஓசை கேட்கிறது, எது கேட்கவில்லை என்று அளப்பாள். இரண்டு வயதில் இங்கே வந்தவள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை போன் செய்வாள், பத்து நிமிடம். “சாப்பிட்டயா கண்ணு?” என்பேன், “ம்” என்பாள். அப்புறம் வானிலை பேசுவோம். மரியாதைக்கு ‘ங்க’ போட வேண்டும் என்று சின்ன வயதில் நான் கண்டித்ததில், பயந்துபோய் எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போட்டுவிடுவாள். கேசட் என்றதும் அடுத்த நாளே ரயில் ஏறி வந்துவிட்டாள். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

“அப்பாங்க, எந்தப் பாட்டுங்க இது? ஒரிஜினல் யாருங்க?” என்றாள்.

“தெரியாது சாமி. முப்பது வருசமா தெரியாது.”

போனைக் காட்டி, பாடுங்கள் என்றாள். வளைவுப் பாட்டின் மெட்டை முனகினேன். காபி ஆறுவதற்குள் போன் கண்டுபிடித்துவிட்டது. கோதுமை வயலில் நிற்கும் நான்கு தாடிக்காரர்களின் படம் வந்தது. கீழே ஆல்பத்தின் பெயர்: கிரேட்டஸ்ட் ஹிட்ஸ், இரண்டாம் தொகுதி. முதல் தொகுதி என்று ஒன்று இருந்தது என்பதே எங்களுக்குத் தெரியாது. பீட்டருக்கு அனுப்பினேன். “டேய் மாப்ளே, அப்ப நாம பாதிதான்டா படிச்சிருக்கோம்” என்று பதில் போட்டான்.

இனியா கம்ப்யூட்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரைமணி நேரம் பார்த்தாள். “அப்பாங்க, கேசட் சரிங்க. உங்க பாட்டு, அவங்க பாட்டு, ரெண்டும் ஒரே ஸ்பீடுங்க. அப்படியே பொருந்துதுங்க.”

“அதுதான் கண்ணு தப்பு” என்றேன்.

5

அவளுக்குப் புரியவைக்க ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே வந்த முதல் வாரம், சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்குப் பையோடு நிற்கிறேன். கூரையிலிருந்து எங்கள் பாட்டு வருகிறது. எங்கள் பாட்டு, ஆனால் தலைதெறிக்க ஓடுகிறது. “இவங்க ஏன் இந்த அவசரத்துல பாடறாங்க?” என்று சாந்தியிடம் கேட்டேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்கு நடக்கிற வழியில்தான் உறைத்தது. அவசரம் அவர்களுடையது இல்லை, தாமதம் எங்களுடையது. ஏற்காட்டு ஈரத்தில் பீட்டரின் டேப் ரிகார்டருக்குள் இருந்த ரப்பர் பெல்ட் தளர்ந்து போயிருக்கிறது. அது சோம்பலாகச் சுற்றியிருக்கிறது. அந்தச் சோம்பலைத்தான் நாங்கள் ராக் இசை என்று படித்திருக்கிறோம்.

நாங்கள் பதிவு செய்ததும் அதே பெட்டியில்தான். மெதுவாகச் சுற்றுகிற பெட்டியில் பதிந்ததை ஒழுங்காகச் சுற்றுகிற பெட்டியில் போட்டால் எல்லாம் வேகமாகவும் கீச்சென்றும்தான் வரும். பீட்டரின் பெட்டி பாட்டை எவ்வளவு பின்னால் இழுத்ததோ அவ்வளவையும் இந்த டெக் முன்னால் தள்ளிவிட்டது. தள்ளியதில் நாங்கள் அந்தத் தாடிக்காரர்களின் வேகத்துக்கே வந்து நின்றுவிட்டோம். கணக்கெல்லாம் பொருந்துகிறது, ராயனின் குரல் மட்டும் ராயனுடையது இல்லை.

“சரிங்க, எவ்வளவு குறைக்கணுங்க?” என்றாள் இனியா.

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா எவ்வளவுங்க?”

அவள் திரையில் ஒரு கோட்டை மெல்ல நகர்த்தினாள், குரல் இறங்கியது. “இதுதான்!” என்றேன். அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து நகர்த்தினாள். வேறு ஓர் இடத்தில் “இதுதான்!” என்றேன். மூன்றாவது முறை மூன்றாவது இடம். பீட்டருக்கு நான்கு மாதிரிகளை அனுப்பினோம். அவன் நான்குமே சரியாக இருக்கிறது என்றான்.

மதியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கடைசியில் ராயனுக்கே அனுப்பினேன். பதினேழு வருடம் கழித்து அவனுக்கு நான் எழுதிய முதல் வார்த்தை ‘மன்னிச்சுக்கடா’. நான்கு மாதிரிகளையும் கேட்டிருக்கிறான். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: “எது என்ற குரலுன்னு எனக்கே மறந்துபோச்சுடா. நீங்களே பாத்து ஒண்ணு வைங்க.”

இனியாவுக்குத் தமிழ் படிக்க வராது, அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். படித்துக் காட்டினேன். அவள் கம்ப்யூட்டரை மூடிவிட்டாள். “ஏதோ ஒண்ணை வைக்க முடியாதுங்க அப்பா. அந்தப் பொண்ணு அதைத்தானே அப்பா குரல்னு வெச்சுக்கும்” என்றாள். என் மகள் என்னைப் போல இல்லை என்பதில் எனக்கு அன்றைக்குத்தான் முழுச் சந்தோஷம் வந்தது.

6

ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலை, அங்கே மத்தியானம். பீட்டர் மஞ்சக்குட்டைக்குப் போய் ராயன் வீட்டு முற்றத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். மிளகு காயப்போட்ட பாய்க்குப் பக்கத்தில் ராயன் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது, கழுத்தில் ஒரு துண்டு. என்னைப் பார்த்ததும் போனின் கண்ணாடியை விரலால் ஒருமுறை தட்டினான். ஆமாம் என்பதற்கான தட்டல். நான் போனை இனியா பக்கம் நகர்த்தினேன். இனியாதான் சமாளித்தாள்.

“வணக்கங்க மாமாங்க. நான் இனியாங்க. நல்லா இருக்கீங்களாங்க?”

பீட்டர் விழுந்து விழுந்து சிரித்தான். “ஏ மாப்ளே, இருபது வருசம் வெளிநாட்டுல இருந்தும் புள்ளை நம்மூரு மாதிரியே பேசுதேடா! எங்க ஊட்டுப் புள்ளைங்க ஒண்ணுகூட இப்பிடிப் பேசறதில்ல.” இத்தனை வருடம் நான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது சேலத்துக்குச் சரியாக இருந்திருக்கிறது.

“மதி எங்கடா?” என்றேன்.

“மேல ஆரஞ்சுக் காட்டுல இருக்குது. இரு, கூப்புடுவான்.”

ராயன் எழுந்து போனான். பீட்டர் போனை அவன் பக்கம் திருப்பினான். முற்றத்து ஓரத்துப் பலாமரத்தில் சங்கிலியில் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. ராயன் ஒரு கம்பியை எடுத்து மூன்று முறை அடித்தான். தூரத்திலிருந்து, காட்டுக்குள்ளிருந்து, ஒரு குரல் வந்தது: “வந்துட்டனுங்கப்பா!”

“எஸ்டேட்ட மனை மனையா பிரிச்சு வித்தப்ப, அந்தத் தண்டவாளம் பழைய இரும்புக்குப் போறதா இருந்துச்சு” என்றான் பீட்டர். “இவன் போயித் தூக்கியாந்துட்டான். புள்ளையக் கூப்பிட இவனுக்கு வேற என்ன வழி? பொறந்ததுலேருந்து அது இந்தச் சத்தத்துக்குத்தான் பதில் சொல்லுது.”

இனியா என் தோளை இறுகப் பிடித்திருந்தாள். அவளுக்கு முகமெல்லாம் வேறு மாதிரி ஆகிவிட்டது. “அப்பாங்க. நாலாவது பாட்டுல மூணு அடி வருதே, அது இதுதானுங்களா?”

நான் ராயனைப் பார்த்தேன். அவன் கம்பியைப் பிடித்தபடியே நின்றான். பிறகு தலையாட்டினான்.

“இதே இரும்புங்களா? மாத்தலீங்களே? அப்ப இன்னொரு தடவை அடிச்சு, போன்ல பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்க. மனுசங்களுக்குத்தான் வயசாகுங்க. இரும்போட சத்தம் அப்படியேதான் இருக்குங்க. கேசட்டுல இருக்கிற அடி இந்த அடியோட சேர்ற வரைக்கும் குறைச்சா, அங்க இருக்கிறதுதானுங்க மாமா குரல்.”

பீட்டர் கொஞ்ச நேரம் யோசித்தான். யோசித்து முடித்ததும் அவனே போய்க் கம்பியை வாங்கிப் பத்து முறை அடித்துவிட்டான். பாவம், மதி காட்டிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

7

அடி கிடைத்த பிறகு இனியாவுக்கு வேலை சுலபமாக முடிந்துவிட்டது. நான் “இதுதான்” என்று சொன்ன மூன்று இடங்களும் தப்பு. என் ஞாபகம் ராயனை அவனைவிடக் கனமானவனாக, அவனைவிட நிதானமானவனாக ஆக்கி வைத்திருந்தது. உண்மைக் குரலில் கொஞ்சம் துள்ளல் இருந்தது. இருபத்தைந்து வயதுப் பையனின் குரல்தானே, துள்ளல் இருக்காதா? கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. இனியாவுக்குத் தெரியாமல் அழலாம் என்று சமையலறைக்குப் போனேன். அங்கே சாந்தி ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி எல்லோரும் கூடினோம். பீட்டர் ஒரு ஸ்பீக்கர் கொண்டுபோயிருந்தான். ராயன், அவன் மனைவி, மதி மூவரும் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மதி பள்ளிக்கூடச் சீருடையின் பேண்ட் மேல் அப்பாவின் சட்டையைப் போட்டிருந்தாள். போனை எதிரே சாய்த்து வைத்திருந்தார்கள். நாங்கள் மூவரும் இங்கே சோபாவின் நுனியில்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. ராயனின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவர் கேட்ட குரல் அது. ராயன் தலையைக் குனிந்துகொண்டான், கட்டைவிரலால் தரையில் தாளம் போட்டான்.

மதி கவனமாகக் கேட்டாள். பள்ளிக்கூட விழாவில் விருந்தினர் பேசுவதைக் கேட்பதைப்போலக் கைகட்டிக் கேட்டாள். பாட்டு முடிந்ததும் எங்களைப் பார்த்து, “நல்லா பாடறாங்க மாமா” என்றாள்.

‘பாடறாங்க’ என்றாள். யாரோ ஒருவரைச் சொல்வதைப்போல. அவளைக் குறை சொல்ல முடியுமா? இந்தக் குரலை அவள் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. குரலைச் சரியான இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டோம், அது அவளுக்கு அந்நியக் குரல். இதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. இனியா என்னைப் பார்த்தாள். இரண்டாவது பாட்டு, மூன்றாவது பாட்டு. மதி மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். ராயன் ஒருமுறை ஓரக்கண்ணால் மகளைப் பார்த்துவிட்டு மறுபடி தரையைப் பார்த்தான்.

நாலாவது பாட்டு.

பதினெட்டாம் வளைவுல பனி வந்து மூட,
பயத்துல நீ வந்து என்ற கையத் தேட...

தண்டவாளம் மூன்று முறை அடித்தது.

“வந்துட்டனுங்கப்பா!” என்றாள் மதி.

சொல்லும்போதே எழுந்தும்விட்டாள். எழுந்தவள் பலாமரத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை, கம்பி சுவரில் சாய்த்துவைத்தபடி இருந்தது. அப்பாவைப் பார்த்தாள். அவன் அவளுக்குப் பக்கத்திலேயே, இரண்டு கைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். மூன்றாவது அடி ஓய்ந்தது. ராயன், அவள் பிறப்பதற்குப் பத்து வருடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தான்.

மதி அவன் பக்கத்துக்குத் திரும்பிப் போகவில்லை. ஸ்பீக்கருக்கு முன்னால் போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஏனுங்கப்பா, கூப்புட்டீங்களா?” என்றாள் அதைப் பார்த்து.